பொன்னாடை போர்த்தினார்கள், இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள்: கேட்கலாமா?

கேள்வியை எனக்குப் புரிந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனியில் சுமார் 200 பேர். ஒவ்வொரு மே மாதமும் அன்னையர் தினத்தை ஒட்டி, குழந்தை உள்ள பெண் ஊழியர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். இந்த ஆண்டு மேடை ஏறியவர்களில் ஒருவர் பேறுகால விடுப்பு முடிந்து அண்மையில் திரும்பியவர். அவர் பார்த்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அப்ரைசலில் கடைசித் தரம், இன்கிரிமென்ட் கிடையாது. இன்னொரு பெண் கான்ட்ராக்டில் இருப்பவர், இப்போது ஏழாம் மாதம், பிரசவ நாள் ஜூலைக் கடைசி. "உங்கள் கான்ட்ராக்ட் ஜூன் 30-ஓடு முடிகிறது, அதனால் விடுப்புச் சம்பளம் உங்களுக்குப் பொருந்தாது" என்று எச்.ஆர். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். விழாக் குழுவில் இருக்கும் நீங்கள், இதைக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டா, கேட்டால் விழாவைக் கெடுத்தவர் என்ற பெயர் வருமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது, வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். தொழிலாளர் தரப்புக்கு மனு எழுதுவதும், அவர்களோடு சமரசப் பேச்சுக்குப் போய் உட்காருவதும் பல ஆண்டுகளாக என் வேலை. ஆனால் அந்த இரண்டு பெண்களின் நியமனக் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாகச் செல்லுபடியாவதை மட்டும் உறுதியாகச் சொல்வேன், மற்றதை ஐயத்தோடுதான் சொல்வேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் (2020) போய்விட்டது. "பழைய சட்டம்தான் ரத்தாகிவிட்டதே" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பாதி உண்மை. பெயரும் பிரிவு எண்களும் மாறின. அடிப்படை உரிமைகள் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன்பு 8 வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் அது 12 வாரமாகக் குறையும், முன்பு எடுப்பதும் 6 வாரம்தான். பிரசவம் ஆன பின் 6 வாரத்துக்கு அந்தப் பெண்ணை, அவரே விரும்பி வந்தாலும், வேலை வாங்கக் கூடாது. கரு கலைந்தால் 6 வாரம். கம்பெனி மருத்துவ வசதி செய்து தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ். இந்த உரிமைகள் மேனேஜர் பதவியில் இருக்கும் பெண்ணுக்கும் உண்டு. "நீங்கள் தொழிலாளி வகையில் வரமாட்டீர்கள்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

பணம் யார் தருவது என்பதில் பலர் குழம்புவார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடந்தால், பேறுகாலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே தரும். அதற்கு 80 நாள் கணக்கு இல்லை. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஒரு வருடத்தில், 70 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். அதற்கு மேல் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்குக் கம்பெனிதான் கைக்காசு போட்டுத் தர வேண்டும். ஆகவே முதல் காரியமாக அந்த இருவரின் பேஸ்லிப்பிலும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். யாரிடம் போய்க் கேட்பது என்பதே அதை வைத்துத்தான்.

விடுப்புச் சம்பளக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். 26 வாரம் என்றால் 182 நாள். என்னிடம் வந்த ஒரு கணக்குத் தாளில் 156 நாளுக்குத்தான் பணம் போட்டிருந்தார்கள். 26 ஞாயிற்றுக்கிழமைகளை அக்கவுண்ட்ஸில் சத்தமில்லாமல் கழித்துவிட்டார்கள். ஒரு நாள் சம்பளம் 900 ரூபாய் என்று வைத்தால் கழிந்தது 23,400 ரூபாய். இந்தத் தகராறு தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அப்போது விடுப்பு 12 வாரம்தான். எஸ்டேட் நிர்வாகம் 72 நாளுக்குக் கொடுத்தது, அந்தப் பெண் 84 நாளுக்குக் கேட்டார். வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் அதில் சேர்த்தி என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோட்டத்தில் உழைத்த ஒரு பெண் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுக்காததால்தான் இன்று ஏ.சி. அறையில் இருப்பவருக்கும் அந்தக் கணக்குச் சரியாக வருகிறது. நம் விழாக்களில் யாரும் அவரை நினைப்பதில்லை.

இதே கணக்கில் ஐயத்துக்கு இடமுள்ள ஒரு பகுதியும் இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதை விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை வைத்துத்தான் போடுவார்கள். பழைய சட்டத்தில் 'சம்பளம்' என்றால் வீட்டு வாடகைப்படி, ஊக்கத்தொகை எல்லாம் உள்ளே. புதிய தொகுப்பின் வரையறை வீட்டு வாடகைப்படி போன்றவற்றை வெளியே எடுக்கிறது. எடுத்தவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மறுபடி உள்ளே வரும். இதை வைத்துச் சில நிர்வாகங்கள் தொகையைக் குறைக்கப் பார்க்கும். முழுச் சம்பளமும் தருவதாக உங்கள் கம்பெனி விதியிலோ நியமனக் கடிதத்திலோ எழுதியிருந்தால் அதுவே நிற்கும், சட்டத்தைவிடக் கூடுதலாகத் தருவதைச் சட்டம் தடுப்பதில்லை. அப்படி எழுதாத இடங்களில் நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லும் வரை இழுபறி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கான்ட்ராக்ட் பெண் விஷயத்தில் எச்.ஆர். சொன்னது தவறு. 2000 மார்ச் 8 அன்று, டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் (தற்காலிக ஆட்களின் வருகைப் பட்டியலில்) தினக்கூலிக்கு வேலை செய்த பெண்கள் வழக்கில், நிரந்தரம் இல்லை என்பதற்காகப் பேறுகாலப் பயனை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் கான்ட்ராக்ட் முடியும் தேதியைக் காட்டி மறுப்பது தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில், டெல்லி அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு மருத்துவர் வழக்கில் அதற்கும் பதில் வந்தது: தகுதி நாட்கள் நிறைந்துவிட்டால், ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் முழுப் பேறுகாலப் பயனையும் தர வேண்டும். "அது அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சொன்னது" என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். தீர்ப்பு சட்டத்தின் சொற்களை வைத்து எழுதப்பட்டது, சட்டமோ தனியாருக்கும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் அந்தப் பெண்ணிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பணம் கிடைக்கும் என்பதற்கு இந்தத் தீர்ப்பு பலமான துணை. கான்ட்ராக்டைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. கர்ப்பம் என்பதற்காகவே புதுப்பிக்கவில்லை என்று நிரூபிப்பது தனிப் போராட்டம். கையில் மின்னஞ்சல், வாட்ஸ்அப் போன்ற எழுத்துச் சான்று இல்லாமல் அது கடினம். அவர் ஏஜென்சி வழியாக வந்தவரா, கம்பெனியே நேரடியாக எடுத்தவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்சி என்றால் கோரிக்கைக் கடிதம் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும்.

அவர் செய்ய வேண்டியது இப்போதே ஒரு கடிதம். பெரிய வாசகம் எதுவும் வேண்டாம். "எனக்கு எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள் இது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இந்தத் தேதி முதல் பேறுகால விடுப்பு எடுக்கிறேன். விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யமாட்டேன். எனக்குச் சேர வேண்டிய தொகையை இந்த வங்கிக் கணக்கில் செலுத்தவும்." இவ்வளவு போதும். எட்டு வாரம் முன்பே தொடங்கலாம் என்பதால் ஜூன் 30-க்கு முன்னாலேயே விடுப்பு ஆரம்பித்துவிடும். மின்னஞ்சலில் அனுப்பட்டும், பதிவுத் தபாலிலும் ஒன்று போகட்டும். பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நடைமுறையில் இந்த 48 மணி நேரத்தை மதிக்கும் கம்பெனிகள் குறைவு. ஆனால் கடிதம் போட்டிருந்தால் அப்புறம் பேசும் தொனியே மாறும்.

திரும்பி வந்த தோழியின் விவகாரம் சிக்கலானது. விடுப்பில் இருக்கும்போதோ, விடுப்பு எடுத்த காரணத்துக்காகவோ வேலையை விட்டு எடுப்பதும், பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். இது உறுதி. சம்பளத்தைக் குறைத்திருந்தாலோ பதவியை இறக்கியிருந்தாலோ தயங்காமல் கேட்கலாம். ஆனால் "அதே வேலையை, அதே இருக்கையை, அதே டீமைத் திருப்பிக் கொடு" என்று நம் சட்டத்தில் ஒரு வரி நேரடியாக இல்லை. சம்பளமும் கிரேடும் மாறாமல் வேலையை மட்டும் மாற்றினால், "நிர்வாக வசதி" என்று சொல்லித் தப்பிக்க இடம் இருக்கிறது. அப்ரைசல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆண்டில் ஆறு மாதம் வேலைக்கு வராதவர் என்று கணக்குப் போட்டுக் கடைசித் தரம் கொடுத்திருந்தால், விடுப்பையே குற்றமாக்கியதாக வாதாடலாம். வேலை பார்த்த மாதங்களை மட்டும் மதிப்பிட்டுத்தான் தரம் போட்டோம் என்று அவர்கள் காட்டினால் வழக்கு பலவீனம். ஆகவே அவர் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி, அதுவும் எழுத்தில்: எந்த மாதங்களை வைத்து இந்தத் தரம் போடப்பட்டது? பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். பேறுகாலப் பணத்தை மறுத்தாலோ வேலையை விட்டு எடுத்தாலோ, அந்த உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். பாதகமான வேறு மாற்றத்துக்கும் இதே காலக் கணக்கை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. விழா இப்போதுதானே முடிந்தது, எல்லாம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்தக் காலம் ஓடிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். 50 என்பது பெண்களின் எண்ணிக்கை இல்லை, மொத்த ஊழியர் எண்ணிக்கை. தனியாகக் கட்ட முடியாவிட்டால் பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்து நடத்தலாம், வெளியே உள்ள காப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனி. 200 பேர் உள்ள உங்கள் கம்பெனியில் காப்பகம் இல்லையென்றால், மேடையில் கேடயம் கொடுத்த நிர்வாகம் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையில் பாக்கி வைத்திருக்கிறது. பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல், ஸ்டேஷனரி அடுக்கியிருக்கும் அறையில் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து, உள்ளே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பெண்கள் எத்தனையோ அலுவலகங்களில் இருக்கிறார்கள். தாழ்ப்பாளும் வாஷ்பேசினும் உள்ள ஒரு அறைக்குப் பெரிய செலவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமில்லை என்பது என் கருத்து. பல நாடுகளில் பேறுகாலச் சம்பளம் சமூகக் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. இங்கே ஈ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அப்படி. மற்றவர்களுக்கு ஒரு பெண்ணின் 26 வாரச் சம்பளத்தை அவரை வேலைக்கு வைத்தவரே சுமக்க வேண்டும். 2017-இல் விடுப்பை 12-லிருந்து 26 வாரமாக்கியபோது அந்தச் சுமையைப் பகிர எந்த ஏற்பாடும் செய்யவில்லை. விளைவு, நேர்முகத் தேர்வில் "கல்யாணம் ஆகிவிட்டதா, அடுத்த பிளான் என்ன" என்ற கேள்வி. தந்தைக்கும் கட்டாய விடுப்பு, சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து தருவது, இவை இரண்டும் வராமல் அந்தக் கேள்வி நிற்காது. தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டக் கட்டாயம் இன்றுவரை இல்லை. ஆனால் சட்டம் சரியாக இல்லை என்பது சட்டத்தை மீறுவதற்குச் சாக்கு ஆகாது.

இனி உங்கள் பயம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. ஆனால் அந்த இரண்டு பெண்களின் சம்மதம் இல்லாமல் அவர்கள் பெயரில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். நல்ல எண்ணத்தில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேசப்போய், பாதிக்கப்பட்ட பெண் அடுத்த நாள் "எனக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிக்கொடுக்கும்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். தனி ஆளின் பிரச்சினையை அவரே எழுதட்டும், நீங்கள் துணைக்கு நில்லுங்கள். காப்பகம், பாலூட்டும் அறை, அப்ரைசலில் விடுப்பு மாதங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற விதி, இவை எல்லோருக்கும் பொது. இவற்றை நீங்கள் தாராளமாக எழுப்பலாம். தனியாக அனுப்பாதீர்கள். பத்துப் பதினைந்து கையெழுத்து, அதில் ஆண்கள் பாதி இருந்தால் இன்னும் நல்லது. ஒருவரைக் குறிவைப்பது சுலபம், பதினைந்து பேர் என்றால் நிர்வாகம் யோசிக்கும்.

சங்கம் என்றாலே நடுங்கும் அலுவலகம் என்றால் உடனே அந்தச் சொல்லை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வழி தெரிந்திருக்கட்டும்: ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் அளவுக் கம்பெனியில் 20 பேர் உறுப்பினராக இருந்தால் பதிவுக்குத் தகுதி வந்துவிடும். சங்கம் வைத்ததற்காகப் பழிவாங்குவது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியானால் பழிவாங்கமாட்டார்களா? வாங்குவார்கள். வேறு ஊருக்கு மாற்றல், புராஜெக்டிலிருந்து விலக்கல், திடீரென்று ஒரு மெமோ என்று பல உருவத்தில் வரும். சட்டம் பிற்பாடு காப்பாற்றும், அதற்குள் மாதங்கள் ஓடும். வீட்டுக் கடன் தவணையும் வயதான பெற்றோரும் உங்களை நம்பி இருந்தால், முன்வரிசையில் நிற்பதா, பின்னால் கையெழுத்தில் நிற்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டுமே உதவிதான்.

உள்ளே கேட்டுப் பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை. தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). ஈ.எஸ்.ஐ. பணம் என்றால் கிளை அலுவலகம். பெயர் வெளியே தெரியாது என்று நம்பிப் புகார் கொடுக்காதீர்கள். 200 பேரில் ஒரே ஒருவர்தான் ஏழு மாதக் கர்ப்பிணி என்றால், புகார் யாருடையது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை.

இனி வரும் விழாவைப் புறக்கணிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். இரவில் குழந்தை தூங்கவிடாமல் காலையில் பஸ் பிடித்து வரும் ஒரு பெண்ணுக்கு, பத்துப் பேர் முன்னால் கைதட்டல் கிடைப்பது சின்ன விஷயமில்லை. விழாக் குழுவில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதியும்கூட. நிர்வாக இயக்குநர் அன்று நல்ல மனநிலையில் இருப்பார், மைக் அவர் கையில் இருக்கும். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் "இவ்வாண்டு தொடங்கும் வசதிகள்" என்று ஒரு வரி சேர்த்து, காப்பகம் திறக்கும் தேதியை அவர் வாயாலேயே அறிவிக்க வைக்கப் பாருங்கள். அறிவித்துவிட்டுப் பின்வாங்குவது அவர்களுக்குக் கஷ்டம். அதே மாதத்தில் மே தினமும் வருகிறதே. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். சென்னை மாகாணத்துக்கு மகப்பேறு நலச் சட்டம் 1934-இல் வந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது, பழைய சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. அவர்களில் பலர் தாய்மார். உங்கள் விழா மேடையில் பேச ஆள் தேடினால் இந்த வரலாற்றைச் சொல்லத் தெரிந்த ஒருவரை அழையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. விழாவுக்கு நாற்காலி போடும், முடிந்ததும் கூட்டிப் பெருக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் தாய்மார்தான், ஆனால் ஏஜென்சி ஆட்கள் என்பதால் மேடைப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை எண் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பிடித்தம் மட்டும் நடந்து பணம் கட்டாமல் விட்டிருந்தால் பேறுகாலத்தில்தான் தெரியவரும், அப்போது அலைய நேரம் இருக்காது. ஏஜென்சி கட்டாவிட்டால் உங்கள் கம்பெனிதான் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் கட்ட வேண்டும். அந்த ஏழு மாதப் பெண்ணிடம், நியமனக் கடிதம், கடைசி மூன்று மாத பேஸ்லிப், வருகைப் பதிவின் படம், எச்.ஆர். சொன்னதைத் தேதியோடு குறித்து அவருக்கே அனுப்பிய ஒரு மின்னஞ்சல், இந்த நான்கையும் அலுவலகக் கணினியில் வைக்காமல் வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கான்ட்ராக்ட் முடியும் அன்று முதலில் முடக்கப்படுவது அவருடைய லாகின்தான்.